தூக்குத் தீர்ப்புக்குப் பிறகும் ஒரே லயத்தில்

செய்தியில் ஒரு கொடூரக் கொலை வந்துவிட்டால், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் முதலில் கேட்கும் பேச்சு, "இவனுங்கள தூக்குல போடணும்" என்பதுதான். 2015இல் புங்குடுதீவு மாணவிக்கு நடந்ததைக் கேட்டபோதும், அதே வருசம் கொட்டதெனியாவையில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு நடந்ததைக் கேட்டபோதும், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அதையேதான் பேசினோம். அப்படிப் பேசுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். என் அம்மா சாகும்வரை அதைத்தான் சொன்னார். ஆனால் பேசுகிற பலருடைய வீட்டில் கொலை விழுந்ததில்லை. நீதிமன்றத்தில் நின்று ஒரு மரண தண்டனையைக் காதால் கேட்டதும் இல்லை. எங்கள் வீட்டுக்கு இரண்டும் வாய்த்தது. தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. இரண்டு குடும்பமும் இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. நுவரெலியா மாவட்டம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2011, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து நடந்த மாதம், சம்பள நாள் இரவு. என் தம்பிக்கும் எங்கள் அத்தை மகனுக்கும் நடுவில் இருந்தது தீபாவளிக்குக் கொடுத்து வாங்கிய மூவாயிரம் ரூபாய்க் கணக்கு. இரண்டு பேரும் கள்ளச் சாராயமான கசிப்புக் குடித்திருந்தார்கள். வாசலில் வாய்ச்சண்டை. முதலில் கை நீட்டியது என் தம்பிதான். அது லயத்தில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடி வாங்கியவன் இஸ்தோப்புத் திண்ணைப் பக்கம் சாய்ந்தான். கூரைத் தகரத்துக்குக் கீழே செருகியிருந்த கவ்வாத்துக் கத்தி கைக்கு எட்டியது. ஒரே வெட்டு. கொழுந்து லொறியில்தான் ஏற்றிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி வாசலை லொறி தொடும்போது தம்பி இல்லை. அவன் பொஞ்சாதிக்கு அப்போது இருபத்து மூன்று வயது, இடுப்பில் ஒரு பெண் குழந்தை.

அத்தை வீடு எங்கள் காம்பராவிலிருந்து மூன்றாவது. ஒரே கூரை, ஒரே கான், தண்ணீர் பிடிக்க ஒரே பீலி. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் இனி நான் சொல்வது விளங்கும். ஊரில் கொலை நடந்தால் குற்றவாளியின் குடும்பம் எங்கேயாவது போய்விடலாம். தோட்டத்தில் போக இடமில்லை. காம்பரா வேலையோடு கட்டப்பட்டது. மறுநாள் காலையில் அத்தையும் நானும் ஒரே பீலியடியில்தான் குடத்தை வைக்க வேண்டியிருந்தது.

அந்த இரவைப் பற்றி இரண்டு விசயம். இரத்தம் கிடந்த வாசலைக் கழுவிவிட நல்ல மனதோடுதான் பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் தோட்டத் தலைவர் குறுக்கே நின்று, "பொலிஸ் வர்ற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது" என்றார். அவர் அன்றைக்குத் தடுத்திருக்காவிட்டால் கத்தி எங்கே விழுந்தது, யார் எங்கே நின்றது என்று பிறகு நீதிமன்றத்தில் சொல்ல எதுவுமே மிஞ்சியிருக்காது. அதேபோல் இழவு வீட்டுக்கு வந்த பொடியன்கள் பத்துப் பதினைந்து பேர், மண்வெட்டியும் பொல்லுமாக அத்தை வீட்டுக் கதவை உடைக்கக் கிளம்பினார்கள். அதையும் தலைவர்தான் மறித்தார். உடைத்திருந்தால் எங்கள் பொடியன்களும் விளக்கமறியலில் கிடந்திருப்பார்கள். சாட்சி சொல்ல வேண்டியவர்களே எதிரிகளாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களாக, நிற்கும் வழக்கை யார் நடத்துவது? இப்போது எந்தத் தோட்டத்தில் இப்படி நடந்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வாசலைக் கழுவாதீர்கள், பொடியன்களைப் பிடித்து உட்கார வையுங்கள்.

அத்தை மகனைத் தேடி வந்த பொலிஸார் அவன் கிடைக்காமல் அவன் தம்பியைக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடம் விட்டு இரண்டு வருசம் ஆன பையன். திரும்பி வந்தபோது உள்ளங்கால் வீங்கி, செருப்புப் போட முடியாமல் இருந்தான். லயத்தில் பலருக்கு அதில் ஒரு திருப்தி. எங்கள் வீட்டிலும் சிலருக்கு இருந்தது, மறைப்பானேன். ஆனால் அடித்து வாங்குகிற எதுவும் வழக்குக்கு உதவாது என்பது பிறகு தெரிந்தது. பொலிஸிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதலை நம் சாட்சியச் சட்டம் எதிரிக்கு எதிராக ஏற்பதில்லை. சித்திரவதைக்கு எதிரான 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அடித்தவருக்குத்தான் குறைந்தது ஏழு வருசச் சிறை. கொட்டதெனியாவை வழக்கை நினைத்துப் பாருங்கள். முதலில் ஒரு பாடசாலை மாணவனைப் பிடித்தார்கள், டி.என்.ஏ. பொருந்தவில்லை. பிறகு ஒருவர் தானே செய்ததாக ஒப்புக்கொண்டார், அவருக்கும் பொருந்தவில்லை. கடைசியில் பொருந்தியது அவருடைய சகோதரருக்கு. நாடே தூக்குக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்த அந்த வாரங்களில் கயிறு தயாராக இருந்திருந்தால் அது யார் கழுத்தில் விழுந்திருக்கும்? நான் இதைப் பெரட்டில் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு கங்காணி மட்டும், "நீ பிள்ளை மடுவத்துல இருந்துகிட்டு வக்கீல் மாதிரிப் பேசுற" என்றார்.

ஆமாம், தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் எனக்கு வேலை. சாதாரணதரம் வரை படித்தவள் என்பதால் வீட்டுக் கடிதம், கடுதாசி எல்லாம் என் தலையில். வாக்குமூலம் கொடுக்கப் போனபோது நாங்கள் தமிழில் சொன்னதை எழுதியவர் சிங்களத்தில் எழுதினார். எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினார். என் அம்மா பெருவிரலை மையில் தோய்க்கப் போனார். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இதை யாராவது தமிழில் வாசித்துச் சொல்லட்டும், பிறகு வைக்கிறோம் என்றேன். கொஞ்சம் சத்தம் போட்டார்கள். கடைசியில் தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் வந்து வாசித்தார். அதில் தம்பிக்கு வெட்டு விழுந்த நேரம் காலை என்று இருந்தது! இரவு எட்டரை மணி எப்படிக் காலையானது என்று தெரியவில்லை. திருத்தினார்கள். அது திருத்தப்படாமல் போயிருந்தால், எதிரியின் சட்டத்தரணி அந்த ஒரு வரியை வைத்தே அம்மாவைப் பொய்க்காரி ஆக்கியிருப்பார். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஆள் இல்லை என்றால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டாத தாளில் விரலை வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் தேதியையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பொலிஸார் நீதவான் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் பி அறிக்கையின் இலக்கத்தையும் அதே கொப்பியில். எங்கள் கொப்பி பிள்ளைகளின் நாற்பது பக்கக் கணக்குக் கொப்பி. வழக்கு முடியும்போது அதுவும் முடிந்திருந்தது.

கொலை வழக்கு எப்படி நகரும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. முதலில் நீதவான் முன்னால் விசாரணை. பிறகு கோப்பு கொழும்புக்கு, சட்டமா அதிபரிடம் போகும். அங்கிருந்து குற்றப்பத்திரிகை வந்தால்தான் மேல் நீதிமன்றத்தில் வழக்கு. எங்களுக்கு அது வர 2015 ஆனது. இடையில் நீதவானால் பிணை கொடுக்க முடியாது. மரண தண்டனைக்குரிய குற்றத்தில் மேல் நீதிமன்ற நீதிபதிதான் கொடுக்கலாம். அவன் குடும்பத்துக்கு அந்த மனுவைப் போடக் காசில்லை. ஆகவே தீர்ப்பு வரும்வரை உள்ளேதான். எங்களுக்கோ தவணைக்குத் தவணை டவுனுக்குப் பஸ். சாட்சி சொல்லப் போகிற நாளில் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், விழாது. 2011இல் ஒரு பேருக்கு எல்லாம் சேர்த்து 515 ரூபாய், 2016 ஒப்பந்தத்துக்குப் பிறகு 730. தவணை போட்டுவிட்டார்கள் என்று மத்தியானம் சொல்லி அனுப்பும்போது அந்தப் பேரும் போச்சு, பஸ் காசும் போச்சு. கண்ணால் பார்த்தவர்கள் நான்கு பேர். ஒருவர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார். ஒரு அக்கா மத்திய கிழக்குக்கு. ஒருவர், "எனக்கு ஞாபகமில்ல தங்கச்சி" என்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். நான் அவரைத் திட்டவில்லை. அவர் காம்பரா அத்தை காம்பராவுக்கு அடுத்தது.

கொலைகாரனுக்குக் கடும் தண்டனை வேண்டும் என்று பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத்தான் பேசவேண்டும் என்று நினைக்கிறேன். தண்டனை எவ்வளவு பெரியது என்பதைவிட, அது கிடைக்கும் என்ற நிச்சயமும், சீக்கிரம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும்தான் மனிதனைத் தடுக்கும். கசிப்பு மூளைக்கு ஏறி, கூரையில் கத்தி இருக்கிற நேரத்தில் எவனும் தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவை நினைப்பதில்லை. ஆனால் அதற்கு முந்தின வருசம் அதே லயத்தில் நடந்த வெட்டுக்குத்துக்கு ஆறு மாதத்தில் யாராவது உள்ளே போயிருந்தால், கத்தியைக் கூரையில் செருகுகிற பழக்கமாவது குறைந்திருக்கும். அந்த வெட்டுக்குத்துக் கேஸ் சமாதானமாக முடித்துவைக்கப்பட்டது.

சமாதானம் என்றதும் ஞாபகம். வழக்கு ஓடும்போது இரண்டு பக்கமும் தெரிந்த பெரியவர் ஒருவர் வந்தார். ஒரு இலட்சம் வாங்கிக்கொண்டு கேசை விடுங்கள் என்றார். கொலை வழக்கு நமக்கும் அவர்களுக்கும் இடையில் நடப்பதில்லை, அதை நடத்துவது அரசு. நாங்கள் "விடுகிறோம்" என்றாலும் அது விடாது. காசை வாங்கினால் நம் சாட்சியம்தான் கெட்டுப்போகும். யாராவது இப்படி வந்தால் சாட்சி வைத்துக்கொண்டு மரியாதையாக அனுப்பிவிடுங்கள்.

காசு விசயத்தில் உண்மையில் எங்களைக் காப்பாற்றியிருக்க வேண்டியது தம்பியின் ஊழியர் சேமலாப நிதி, ஈ.பி.எப். பணம். அவன் கல்யாணம் கோவிலில் நடந்தது, பதியவில்லை. பொஞ்சாதி என்று காட்டக் காகிதம் இல்லை. ஈ.பி.எப். படிவத்தில் வாரிசாக அம்மாவின் பெயர். அம்மா கையெழுத்து வைத்து வாங்கிக் குழந்தையின் பெயரில் போட்டார்; எல்லா மாமியாரும் அப்படிச் செய்வார்கள் என்று சொல்லமுடியாது. இளம் சோடிகளைப் பார்த்தால் நான் இப்போது நச்சரிப்பது இதற்காகத்தான்: பதிவாளரிடம் போங்கள், ஆபீசில் வாரிசுப் பெயரை மாற்றுங்கள். சாவு வந்தபிறகு நீதிமன்றம் எதிரியைத் தேடும். குழந்தைக்குப் பால் மா யார் வாங்குவது என்பதை எந்த நீதிமன்றமும் கேட்காது.

இனி வழக்கின் நடுப்பகுதி. அவனுக்குச் சட்டத்தரணி பிடிக்க வசதியில்லாததால் நீதிமன்றமே ஒருவரை நியமித்தது. அவர் ஒரு தவணையோடு போய்விட்டார், இன்னொருவர் வந்தார். கோப்பை அன்றைக்குக் காலையில்தான் புரட்டியிருப்பார் போல. அம்மாவிடம் மூன்று நான்கு கேள்வி கேட்டார். ஒன்றுகூட, "முதலில் அடித்தது யார்?" என்று இல்லை. அரச சட்டவாதி எங்கள் பக்கத்தை நன்றாகவே நடத்தினார். நான் சாட்சிக் கூண்டில் நின்றபோது, கேட்டால் உண்மையைச் சொல்வது என்று முடிவெடுத்திருந்தேன். கேட்கவே இல்லை.

நம் சட்டத்தில் 294ஆம் பிரிவுக்கு விதிவிலக்குகள் இருக்கின்றன. திட்டம் போடாமல், திடீர்ச் சண்டையில், ஆத்திரத்தில் நடந்தால் அது கொலை ஆகாது, கொலையாகாத மனிதப் படுகொலை. அதற்கு 297ஆம் பிரிவு, அதிகபட்சம் இருபது வருசம். கத்தியும் அதேதான், பிணமும் அதேதான். ஒன்றுக்குத் தூக்கு, மற்றதுக்குப் பத்து பதினைந்து வருசம். நடுவில் நிற்பது அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்த, கேட்க நேரமுள்ள ஒரு சட்டத்தரணி. அவரை வைக்கக் காசுள்ளவன் தப்புவான். எங்கள் அத்தை மகனுக்கு அது கிடைக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன், செத்தது என் தம்பி.

2018இன் தொடக்கத்தில் தீர்ப்பு. அன்றைக்கு நீதிமன்றத்தில் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். விளக்குகளை அணைத்தார்கள். வெளியே மழை இருட்டு, உள்ளேயும் இருட்டு. நீதிபதி சிங்களத்தில் வாசித்தார். உயிர் பிரியும்வரை கழுத்தில் கயிற்றால் தொங்கவிட வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் கூண்டைப் பார்த்துத் தமிழில் சொன்னார். அவர் குரல் நடுங்கவில்லை, பழகிய குரல். அவன் எதையோ கேட்க விரும்புகிறவன் மாதிரி தலையைச் சாய்த்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தை, "என்னா சொல்றாங்க?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் முகத்தில் நிம்மதி இருந்தது. பொய் சொல்லக்கூடாது, அந்த நிமிசம் எனக்கும் இருந்தது. விளக்கைத் திரும்பப் போட்டார்கள். அடுத்த வழக்கின் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

லயத்துக்கு ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். வேறு பஸ் இல்லை.

அம்மா அவனைத் தூக்கில் போட்டுவிடுவார்கள் என்றே நம்பினார். நான்தான் மெல்ல மெல்ல எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த நாட்டில் கடைசியாக ஒருவரைத் தூக்கிலிட்டது 1976 ஜூனில். அதற்குப் பிறகு நீதிமன்றங்கள் தீர்ப்பு எழுதிக்கொண்டே இருக்கின்றன, யாரும் தொங்கவிடப்படவில்லை. அப்போது மரண தண்டனைக் கைதிகள் ஆயிரத்துக்கும் மேலே இருந்தார்கள். சிலருக்கு ஜனாதிபதி ஆயுள் தண்டனையாகக் குறைப்பார், பிறகு அது இன்னும் குறையலாம். "அப்ப எதுக்குடி லைட்ட அணைச்சாங்க?" என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நிறைவேற்றப் போவதில்லை என்று தெரிந்தே ஒரு தாய்க்கு ஒரு வார்த்தை கொடுக்கிறார்கள். இன்னொரு தாய் அதே வார்த்தையை நம்பி ஒவ்வொரு இரவும் சாகிறாள். இருபது வருசம் என்றால் இருபது வருசம் என்று சொல்லி, அதை அப்படியே நடத்தினால் இரண்டு பேரும் கணக்குப் போட்டு வாழ்வார்கள்.

அந்த இன்னொரு தாய் எங்கள் வாசலுக்கு வந்தது அதே வருசம் ஜூலையில். போதைப்பொருள் குற்றத்துக்கு மரண தண்டனை பெற்றவர்களைத் தூக்கிலிடப்போவதாக ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அறிவித்திருந்தார். அத்தை பேப்பரை மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பிள்ளை மடுவத்துக்கு வந்தார். ஏழு வருசமாக என்னோடு பேசாதவர். மடுவத்தில் தூங்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "புள்ள, இத வாசிச்சுச் சொல்லு. எம் மகன் பேரு இருக்கா பாரு" என்றார். வாசித்தேன். "இது தூள் வித்தவங்களுக்கு அத்த, இவருக்கு இல்ல" என்றேன். "நாளைக்கி இவருக்கும்னு சொன்னா?" என்றார். அவர் கைவிரல்களில் கொழுந்துக் கறை கறுப்பாக இருந்தது, பேப்பர் ஓரத்தில் ஒட்டியிருந்தது. அதன் பிறகு தூக்குச் செய்தி வரும்போதெல்லாம் பேப்பரோடு வருவார்.

செய்தியும் நிற்கவில்லை. 2019 பெப்ரவரியில் தூக்கிலிடுபவர் வேலைக்கு விளம்பரம் போட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்களாம். எங்கள் லயத்துப் பொடியன்கள் இருவர், தேயிலை மலையைவிடச் சம்பளம் கூட, நாமளும் போடலாமா என்று விளையாட்டுக்குப் பேசிக்கொண்டார்கள். ஜூனில் நான்கு பேருக்கான உத்தரவில் ஜனாதிபதி கையெழுத்திட்டதாகச் செய்தி. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. அந்த வாரங்களில் அத்தைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் மகன் அந்த நான்கு பேரில் இல்லை, இருக்கவும் வாய்ப்பில்லை. ஆனாலும் மரண தண்டனை தண்டித்தது அவரைத்தான். அவர் என்ன குற்றம் செய்தார்?

பேப்பர் வாசித்து வாசித்தே எனக்கும் இந்தக் கதையின் பழைய பக்கம் பழகிவிட்டது. எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க 1956இல் ஆட்சிக்கு வந்ததும் தூக்கை நிறுத்திவைத்தார். நோர்வல் மொரிஸ் என்பவரின் தலைமையில் ஒரு ஆணைக்குழு ஆராய்ந்தது. தூக்கு நின்றதால் கொலை கூடியதற்கு ஆதாரமில்லை என்றுதான் அது எழுதியது. 1959 செப்டம்பரில் பண்டாரநாயக்கவே சுடப்பட்டுச் செத்தார். உடனே தூக்கைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவரைச் சுட்ட சோமராம தேரர் 1962இல் தூக்கிலிடப்பட்டார். ஆத்திரத்தில் கொண்டுவந்த சட்டம் என்று யாரும் அதைச் சொல்வதில்லை. 1975இல் மருசிரா என்று பேர்போன கைதிக்கு நடந்தது இன்னொன்று. முந்தின இரவு மயக்க மருந்து கூடிப்போய், சுயநினைவில்லாத ஆளை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போய்க் கயிற்றில் மாட்டினார்கள். என் தம்பியைக் கொன்றவனுக்காகக்கூட அப்படி ஒரு காலையை நான் கேட்கமாட்டேன். அதைக் கேட்டவர் அம்மா. கேட்பதற்கு அவருக்கு உரிமை இருந்தது, கொடுக்காமல் இருப்பதற்கு அரசுக்கும் கடமை இருந்தது என்று நினைக்கிறேன். இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் அம்மா கோபிப்பார். கோபித்தும் இருக்கிறார்.

எனக்கு ஆத்திரம் வந்தது வேறு இடத்தில். 2000 டிசம்பரில் மிருசுவிலில் எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் 2015இல் மரண தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய் ஒருவருக்கு 2020 மார்ச்சில் மன்னிப்புக் கிடைத்தது. ரோயல் பார்க் கொலை வழக்கில் தண்டனை பெற்ற வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அதற்கு முன்பே, 2019 நவம்பரில். கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2021இல். பின்னால் சொன்ன இரண்டு மன்னிப்புகளையும் 2024இல் உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது, அது வேறு கதை. எங்கள் லயத்துக்கு விளங்கியது ஒன்றுதான். தூக்கு என்று எழுதப்பட்ட தாளைக் கிழிக்க ஆள்பலம் வேண்டும். எங்கள் அத்தைக்கு இருந்தது ஒரு கொழுந்துக் கூடையும், மாதம் ஒருமுறை பல்லேகலைச் சிறைக்குப் போய்வரும் பஸ் காசும். கடும் தண்டனை கேட்கிறவர்கள் இதையும் சேர்த்தே கேட்கட்டும்: கடும் தண்டனை யாருக்கு?

அம்மா 2020இல், கொரோனா நேரம், இருதய வருத்தத்தில் போய்ச் சேர்ந்தார். தம்பி செத்ததிலிருந்து அவர் காமன் கூத்து நடக்கும் காமன் பொட்டல் பக்கமே போனதில்லை. தம்பி அந்தக் கூத்தில் மூன்று வருசம் ரதி வேசம் கட்டியவன்.

மேன்முறையீட்டுக்கு, தீர்ப்பு வந்து பதினான்கு நாளுக்குள் மனுப் போடவேண்டும். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவே போடலாம். அவன் அப்படித்தான் போட்டிருந்தான். ஒரு கன்னியாஸ்திரி காட்டிவிட்ட கொழும்புச் சட்டத்தரணி காசு வாங்காமல் அதை நடத்தினார். அவர் பழைய கோப்பைப் படித்துவிட்டு, திடீர்ச் சண்டை என்ற வாதத்தை எடுத்தார். 2022இல் கொலைக் குற்றம் 297ஆம் பிரிவுக்குக் குறைந்தது. தூக்குப் போய்ப் பதினைந்து வருசம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அத்தை பீலியடியில் சொல்லித்தான் தெரியும். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் திட்டுவேனோ என்று. நான், "அது சரியான தீர்ப்புதான் அத்த" என்றேன். தம்பி பொஞ்சாதி அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை. அவளுக்கு நான் பேசியது பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. அவளோடு நான் வாதாடுவதில்லை.

அரசிலிருந்து தகவல் வராதது பற்றிப் பிறகு விசாரித்தேன். பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் கொடுக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது. 2023இல் அதன் இடத்தில் புதியது, 10ஆம் இலக்கம். வழக்குத் தேதி, விசாரணையின் நிலை இவற்றைக் கேட்டுப் பெற நமக்கு உரிமை உண்டு. நம் பக்கத்தில் ஒரு சட்டத்தரணியை நிறுத்தலாம். சாட்சிக்கு மிரட்டல் வந்தால் பாதுகாப்புக் கேட்கலாம், நட்டஈடும் கேட்கலாம். ஆனால் எழுத்தில் கேட்டால்தான் நடக்கும். லயத்தில் உட்கார்ந்துகொண்டு கடிதம் வரும் என்று காத்திருந்தால் வராது. எங்கள் பக்கத்தில் இரண்டு குடும்பத்துக்கு நானே கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விலாசத்தில் தோட்டத்தின் பெயரோடு டிவிசன், லய இலக்கம் எல்லாம் எழுதுங்கள். தோட்டத்துக் கடிதங்கள் ஆபீசிலேயே தங்கிவிடுகிற வழக்கம் உங்களுக்கும் தெரியும். அதனால் தெரிந்த ஒரு கடையின் விலாசத்தையும் போடுங்கள்.

இப்போது எங்கள் தலையில் இருப்பது வேறு. நன்னடத்தைக் கழிவு போக அவன் இன்னும் சில வருசத்தில் வெளியே வந்துவிடுவான். வந்தால் எங்கே இருப்பான்? தீர்ப்பில் அது இல்லை, சிறைச்சாலைக்கும் அது பொருட்டில்லை. தம்பி மகள் அப்போது உயர்தரம் முடித்திருப்பாள். அப்பாவை வெட்டியவன் மூன்றாவது காம்பராவில் பல் துலக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கவேண்டும் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? தனி வீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச் காணி எங்கள் டிவிசனுக்கும் வரப்போவதாகப் பேச்சு. பெயர்ப் பட்டியலில் எங்கள் குடும்பத்தையும் அத்தை குடும்பத்தையும் வேறு வேறு வரிசையில் போடச் சொல்லித் தலைவரிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன். அத்தையும் அதில் விரல் வைத்திருக்கிறார். வைப்பதற்கு முன் வாசித்துக் காட்டச் சொன்னார், வாசித்தேன். ஆபீசில் இருந்து இன்னும் பதில் இல்லை. அடுத்த மாதம் திரும்பவும் போய்க் கேட்கவேண்டும்.